பெருநகரின் எல்லையும் கல்வராயன் மலைப் பெண்களும்

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒருநாள் இரவு கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். சென்னைப் பேருந்து வந்து நிற்கும் பக்கத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். சாக்கில் அரிசி, பிளாஸ்டிக் வாளிக்குள் பாத்திரம், பாயில் சுற்றிய துணி. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மாலையில் இறங்கி வந்தவர்களும் அவர்களில் உண்டு. நான் இந்த ஊரில் வளர்ந்தவள். பலமுறை அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே பேருந்துக்குக் காத்திருந்திருக்கிறேன்.

"எங்க போறீங்க அக்கா?"

"மெட்ராசுக்கு. கட்டட வேலைக்கு."

"மெட்ராசுல எந்த எடம்?"

"அது யாருக்கும்மா தெரியும்? மேஸ்திரி கூட்டிட்டுப் போவாரு."

சென்னை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அந்த அக்காவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாமல் இருப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. ஏனென்றால் சென்னைக்கும் அவரைத் தெரியாது. ஒரு தலைநகரம் தன் சுற்றுப்புறத்தை எதுவரை தன்னுடையது என்று வரையறுக்கிறது, எதை வைத்து வரையறுக்கிறது, அந்த வரையறைக்குள் பெண்ணின் உழைப்பு எங்கே வருகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சட்டம் வரைந்த நகரம்

நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும் என்ற எண்ணம் பழையது. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1915இல் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். நகரங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நிலைக்குத் தனியாக ஒரு பெயர் கொடுத்தவர் அவர். மலையிலிருந்து கடல் வரை இறங்கும் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை வரைந்து, அதன் அடியில் இருக்கும் நகரத்தைப் புரிந்துகொள்ள மேலே இருக்கும் காட்டையும் வயலையும் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அந்தப் படத்தில் ஒவ்வோர் உயரத்திலும் ஒரு தொழில் இருக்கும்: விறகுவெட்டி, வேட்டைக்காரன், இடையன், உழவன், மீனவன். விறகு பொறுக்கியவள், நாற்று நட்டவள், மீன் விற்றவள் அந்தப் பட்டியலில் தனியாகப் பெயர் பெறவில்லை.

1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அரை நூற்றாண்டு கழித்து அதன் இடத்தில் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. சென்னைக்கென்று ஒரு பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1972இல் தற்காலிக அமைப்பாகத் தொடங்கி, 1974ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் சட்டபூர்வமான அதிகார அமைப்பானது. 1970களின் நடுவில் முதல் முழுமைத் திட்டம் உருவானது. சென்னைப் பெருநகர்ப் பகுதி என்ற பெயர் அப்படித்தான் நிலைபெற்றது.

பின்னாளைய ஆவணங்கள் அதன் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டர் என்று குறிக்கின்றன. 2008இல் இரண்டாவது முழுமைத் திட்டம் வெளிவந்தபோது, அதற்குள் 176 சதுர கிலோமீட்டர் அளவில் சென்னை மாநகராட்சி, 16 நகராட்சிகள், 20 பேரூராட்சிகள், 10 ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 214 கிராம ஊராட்சிகள் இருந்தன. அதாவது, திட்டத்தின் கண்ணில் சென்னை என்பது மாநகராட்சியைப் போல ஆறு மடங்குக்கும் மேல் பெரியது. ஒரு கிராமம் அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டால் அங்கே எந்த நிலம் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம், எத்தனை மாடி கட்டலாம் என்பதெல்லாம் குழுமத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. கோடு என்பது வெறும் படத்தில் இருப்பதல்ல. நிலத்தின் விலையும் அதிலிருந்துதான் மாறுகிறது.

அதே ஆண்டுகளில் மலையில்

சென்னையில் இந்தக் கோடு போடப்பட்ட அதே ஆண்டுகளில் கல்வராயன் மலையில் வேறொரு கோடு அழிக்கப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் நமக்கு இல்லை.

சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களின் கையில் அந்த மலை இருந்தது. வெள்ளைக்காரர்கள் போன பிறகும், மாநிலத்தில் ஜமீன்தாரி முறை ஒழிந்த பிறகும், இந்த ஜாகிர்கள் தொடர்ந்தன. 1976இல்தான் ஜாகிர் முறை முடிந்து மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சென்னைக்கு அடுத்த இருபது ஆண்டுகளுக்கான நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாராகிக்கொண்டிருந்தபோது, அதே மாநிலத்தின் ஒரு மலையில் நிலம் யாருடையது என்ற கேள்வியே அப்போதுதான் அரசின் மேசைக்கு வந்தது.

மலையில் வாழும் மலையாளி பழங்குடிப் பெண்களுக்கு அரசு அலுவலகம் என்பது எப்போதுமே தூரத்து ஊர்தான். தென்னாற்காடு மாவட்டமாக இருந்தபோது மாவட்டத் தலைநகர் கடலூர். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபோது அது விழுப்புரம் ஆனது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, மலைக்கு வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலை வட்டம் உருவானது. சாதிச் சான்றிதழுக்கோ விதவை உதவித்தொகைக்கோ ஒரு பெண் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அலைந்த தூரம் ஒவ்வொரு பிரிவினையிலும் கொஞ்சம் குறைந்தது. நிர்வாகக் கோடுகள் பெண்களின் கால்களில்தான் முதலில் உணரப்படுகின்றன. மலையின் இன்னொரு பாதி சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே குடும்பத்தின் பெண்கள் திருமணமாகிப் போன ஊரைப் பொறுத்து வேறு வேறு ஆட்சியரிடம் மனுக் கொடுக்கிறார்கள்.

ஆணின் வேலையே அளவுகோல்

ஒரு பெருநகரின் எல்லையை எதை வைத்து முடிவு செய்வது? அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் சொல்லும் வரையறை சுருக்கமானது. 10 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை இருக்க வேண்டும். ஒன்றோ பலவோ மாவட்டங்களில் அடங்கலாம். இரண்டோ அதற்கு மேற்பட்டோ நகராட்சிகள், ஊராட்சிகள், அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதிகள் இருக்க வேண்டும். ஆளுநர் அறிவிக்கையில் குறிப்பிட வேண்டும். எந்த ஊர் சேரும், எது சேராது என்பதைத் திட்டமிடுவோர் கட்டடங்களின் அடர்த்தி, மக்கள்தொகைப் பெருக்கம், சாலைப் போக்குவரத்து, தினமும் வேலைக்கு வந்து போவோர் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

இந்த எண்கள் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வருபவை. அங்கேதான் சிக்கல். 2011 கணக்கெடுப்பில் ஓர் ஊராட்சியை நகரம் என்று வகைப்படுத்த மூன்று நிபந்தனைகள் இருந்தன. குறைந்தது 5,000 மக்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர். மூன்றாவது நிபந்தனையைக் கவனமாகப் படியுங்கள்: முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும்.

ஆண்களில். பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பது ஓர் ஊர் நகரமா கிராமமா என்ற கேள்விக்குத் தேவையே இல்லை. ஆண்கள் கம்பெனி வேலைக்கும் லாரி ஓட்டவும் போய்விட, நடவும் களையும் முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்த ஊர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. அந்த ஊர் கணக்கில் நகரமாகிவிடும். வயலில் குனிந்து நிற்கும் பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை.

தினமும் வேலைக்குப் போய்வரும் தூரத்தைப் பற்றிய கேள்வியும் இப்படித்தான். 2011இல் விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகிய மூன்று வகையினரையும் விட்டுவிட்டு, 'பிற தொழிலாளர்'களிடம் மட்டுமே அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. கிராமத்துப் பெண்களில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அந்த மூன்று வகைகளில்தான் இருக்கிறார்கள். வயலுக்கு நடந்தவளும் மரவள்ளிக் காட்டுக்கு வேனில் போனவளும் பயணமே செய்யாதவர்கள் ஆனார்கள்.

இடம்பெயர்வைப் பற்றிய கேள்வியில் ஒருவருக்கு ஒரே ஒரு காரணம்தான் எழுத முடியும். பெண்களுக்கு மிக அதிகமாகப் பதிவாவது திருமணம். வெள்ளிமலையிலிருந்து கணவனோடு சென்னைக்கு வந்து காலை எட்டு மணி முதல் செங்கல் சுமக்கும் சித்தாள், கணக்கில் 'திருமணத்தால்' அல்லது 'குடும்பத்தோடு' வந்தவள் ஆகிவிடுகிறாள். ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவர் குறுவேலையாளர். அவள் சென்னையில் இருக்கும் நாலைந்து மாதம் அப்படிப் பதிவாகலாம். ஊரில் சாமை விதைத்ததும் கடுக்காய் பொறுக்கியதும் ஆடு மேய்த்ததும் 'வீட்டு வேலை' என்று சொல்லப்பட்டால் பதிவே ஆகாது.

இப்படி ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு பெண் கழிந்துபோகிறாள். கடைசியில் மிஞ்சும் படத்தில் பெருநகர்ப் பகுதி என்பது காலையில் வேலைக்குக் கிளம்பி மாலையில் வீடு திரும்பும் ஓர் ஆணின் ஒருநாள் பயணத்தின் எல்லை. வருடத்தில் பாதி நாள் நகரத்தைக் கட்டிவிட்டு மீதி நாள் மலைக்குத் திரும்புகிறவளின் பயணம் அந்த அளவுகோலில் அடங்காது.

கோட்டைத் தாண்டும் குழாய்

ஆனால் நகரம் தன் தேவைக்குக் கோட்டைத் தாண்டத் தயங்கியதே இல்லை. 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரி கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. குழாய் 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் ஓடி வருகிறது. 1950களில் பழுப்பு நிலக்கரிக்காகக் கிராமங்களை எடுத்துக்கொண்ட நெய்வேலியும் அங்கேதான். வீராணம், நெய்வேலி, கள்ளக்குறிச்சி மூன்றுமே ஒரு காலத்தில் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்தப் பழைய மாவட்டம் தலைநகருக்குத் தண்ணீர் தருகிறது, மின்சாரம் தருகிறது, கட்டடம் கட்ட ஆளும் தருகிறது. மூன்றும் பெருநகர்ப் பகுதிக்கு வெளியிலிருந்து உள்ளே போகின்றன. தண்ணீருக்குக் குழாயும் மின்சாரத்துக்குக் கம்பியும் திட்டம் போட்டு அமைத்தார்கள். ஆளுக்கு மேஸ்திரியின் கைப்பேசி எண் மட்டும்தான்.

எல்லை என்பது இயற்கை வகுத்ததல்ல என்பதற்கு டெல்லியைப் பாருங்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசியத் தலைநகர் வட்டாரம் ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் மாநிலங்களின் மாவட்டங்களையும் சேர்த்துக்கொண்டு சுமார் 55,000 சதுர கிலோமீட்டராக விரிந்தது. டெல்லியிலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கர்னாலும் முசாஃபர்நகரும் அதில் உண்டு. எதைச் சேர்ப்பது என்பது அரசுகள் எடுக்கும் முடிவு. அப்படியானால் யாரைக் கேட்டு எடுக்கிறார்கள் என்பது நியாயமான கேள்வி.

உள்ளே வந்தால் மட்டும்?

கள்ளக்குறிச்சியையும் பெருநகரில் சேர்த்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கோட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

2000ஆம் ஆண்டை ஒட்டிக் கண்ணகி நகரும், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியும், அதன் பின் பெரும்பாக்கமும் நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களின் மறுகுடியமர்வு இடங்களாயின. மூன்றுமே பெருநகர்ப் பகுதிக்கு உள்ளேதான். வரைபடத்தில் அந்தக் குடும்பங்கள் சென்னைக்குள்ளேயே இடம் மாறியவர்கள். ஆனால் மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நடந்து போய் இரண்டு மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கிய பெண்ணுக்கு அந்த இருபது கிலோமீட்டர் வேலையைப் பறித்தது. காலை ஆறு மணிக்கு ஒரு வீடு, பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு இன்னொரு வீடு என்று அவள் பிழைப்பை அமைத்துக்கொண்டது நடக்கும் தூரத்தை நம்பித்தான். பெருநகர்ப் பகுதி என்று ஒரே நிறத்தில் தீட்டப்பட்ட பரப்புக்குள் எவ்வளவு தூரம் நகர்த்தினாலும் அது 'அதே நகரம்' ஆகிவிடுகிறது. பெரிய எல்லை ஏழைப் பெண்ணைத் தள்ளிவைப்பதற்கு வசதியான எல்லையாகவும் இருக்கிறது.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பெண்களும் அதில் இருந்தார்கள். ஆந்திராவின் வடகோடி மாவட்டங்களிலிருந்தும் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். மாநகராட்சி எல்லைக்கு வெளியே, பெருநகர்ப் பகுதிக்கு உள்ளே இருந்த இடம் அது. அங்கே எழும்பும் ஒவ்வொரு மாடிக்கும் அனுமதி வேண்டும், அதற்குக் கோப்பு உண்டு. அந்த மாடிகளைக் கட்டுகிறவர்கள் எங்கே தூங்குகிறார்கள், அவர்களின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு முழுமைத் திட்டத்தில் நிறம் கிடையாது. 1982இலேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தையும் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தையும் கொண்டுவந்த மாநிலம் இது. தொழிலாளர் துறைக்குத் தெரிந்த சித்தாளை நகரமைப்புத் துறைக்கு அறிமுகப்படுத்த யாருக்கும் தோன்றவில்லை.

விரிந்த எல்லை

2018 ஜனவரியில் பெருநகர்ப் பகுதியை 8,878 சதுர கிலோமீட்டராக விரிக்க அரசாணை வந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்கள் முழுவதும் அரக்கோணம் பகுதியும் அதில் அடங்கும். விவசாய நிலம் என்னவாகும் என்ற கவலை எழுந்தது. பிறகு அது சுருங்கி, 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டர் என்று முடிவானது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய 5 மாவட்டங்களின் 1,225 கிராமங்கள் இன்று அதற்குள். பழைய பரப்பைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு.

இத்தனை கிராமங்களில் நிலத்தின் பயன்பாடு மாறப்போகிறது. பட்டா பெரும்பாலும் ஆண்களின் பெயரில். நிலம் விற்றால் பணம் அவர்கள் கைக்கு வரும். அந்த நிலத்தில் களை எடுத்தவளுக்கும், வரப்பில் புல் அறுத்து மாடு வளர்த்தவளுக்கும் விற்பனைப் பத்திரத்தில் பங்கு இல்லை. அவளுக்கு வேலை மட்டும் போகும். பிறகு அந்த நிலத்தில் எழும் கட்டடத்துக்குச் சித்தாளாகக் கள்ளக்குறிச்சிப் பெண் வருவாள். நிலத்தை இழந்த பெண்ணும் கல் சுமக்க வந்த பெண்ணும் ஒரே இடத்தில் சந்திப்பார்கள்.

அதே காலத்தில் எங்கள் பக்கம் உலகம் திரும்பிப் பார்த்தது 2024 ஜூனில். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களின் உயிரை எடுத்தது. அதையடுத்துக் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மலைக்குச் சாலை இருக்கிறதா, மருத்துவம் இருக்கிறதா என்று தலைநகரின் நீதிமன்றம் கேட்க இத்தனை தாலிகள் அறுபட வேண்டியிருந்தது. ஜாகிர் முடிந்து 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

யாரைக் கேட்டுப் போடும் கோடு

பெண்களை உட்காரவைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, திருமணமானவர்களுக்கு உரிமைப் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துப் பதியப்பட வேண்டும். அதற்கான கிராம சபையில் வந்திருப்போரில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கல்வராயன் மலையின் ஒரு குக்கிராமத்துக்குப் பொருந்தும் இந்த விதி, 1,225 கிராமங்களின் தலைவிதியை எழுதும் பெருநகர்த் திட்டத்துக்கு ஏன் பொருந்தக்கூடாது?

பெருநகர்த் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினராவது உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. இந்த இரண்டையும் உண்மையாகச் சேர்த்தால் திட்டத்தின் மேசையில் ஏராளமான பெண்கள் உட்கார முடியும். ஆனால் அப்போதும் அந்தச் சித்தாள் வெளியேதான் நிற்பாள். அவளுக்கு ஓட்டு வெள்ளிமலையில். மே 1ஆம் தேதி ஊரில் கிராம சபை நடக்கும்போது அவள் சென்னையில் இருப்பாள். சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் அங்கே அவள் 'உள்ளூர்வாசி' இல்லை.

2008இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026உடன் முடிகிறது. மூன்றாவது திட்டம் தயாராகிவருகிறது. அதில் கேட்க வேண்டியவை பெரிய ஆசைகள் அல்ல. பெண்ணின் பயணத்தையும் பருவகால வேலையையும் எண்ணும் ஒரு கணக்கு. பெரிய கட்டடத்துக்கு அனுமதி தரும்போதே கட்டுகிறவர்களுக்குத் தங்குமிடம், கழிப்பறை, குழந்தைகள் காப்பகம் எங்கே என்று கேட்கும் ஒரு வரி. தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்த வெளியூர்ப் பெண்ணும் கருத்துச் சொல்லலாம் என்ற ஓர் அனுமதி. பெருநகரின் எல்லை எங்கே போனாலும், அதைச் சுமக்கிறவர்களின் ஊர் வரை அதன் பொறுப்பு போக வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பேருந்துகள் இப்போது கோயம்பேடு வரை போவதில்லை. 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தோடு அவற்றின் பயணம் முடிகிறது. அதைக் கட்டியது பெருநகர் வளர்ச்சிக் குழுமம்தான். விடியற்காலையில் மூட்டையோடு இறங்கும் அந்த அக்கா அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிக்க வேண்டும். 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரணப் பேருந்து கிடைத்தால் காசு மிச்சம். ஆனால் ஊரிலிருந்து அதுவரை வந்த நீண்ட வழிக்கு அவள் முழுக் கட்டணம் கொடுத்திருக்கிறாள். சலுகைக்கும் ஓர் எல்லை உண்டு. குழுமம் கட்டிய அந்தப் பெரிய கூடத்தில் அவள் மேஸ்திரிக்காகக் காத்திருக்கிறாள். அடுத்த திட்டத்துக்காகக் கருத்துக் கேட்கக் கிளம்புகிறவர்கள் முதலில் அங்கே ஒரு மேசை போடட்டும்.